புதிய ஸ்பீக்கர் மாட்டிய பிறகும் பாஸ் உடைவது ஏன்?

காருடன் வந்த கதவு ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, விலை கூடிய ஒரு ஜோடியை மாட்டிக்கொள்ளும் வழக்கம் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பரவலாக இருக்கிறது. மாட்டிய முதல் நாளே பலருக்கு ஒரு குழப்பம் வருகிறது. பாடகரின் குரலும் வயலினும் முன்பைவிடத் தெளிவாகக் கேட்கின்றன. ஆனால் தவிலின் அடிநாதப் பக்கமான தொப்பியும் உருமியின் உறுமலும் பழைய ஸ்பீக்கரில் கேட்ட அளவுக்குக்கூட எழுவதில்லை. குறையை ஈடுகட்ட, பாஸ் எனப்படும் அடியொலியைக் கூட்டினால் ஒலி பிளறுகிறது, கதவு கடகடக்கிறது, குரலும் சேர்ந்து நடுங்குகிறது. மலாயில் 'பெச்சா' என்றும் தமிழில் 'உடையுது' என்றும் சொல்லப்படும் நிலை இதுதான்.

கடைக்குத் திரும்பிச் சென்றால், இன்னும் பெரிய ஸ்பீக்கரோ இன்னும் கூடுதலான வாட்டோ தேவை என்ற பதில் கிடைப்பதே வழக்கம். பெரும்பாலான கார்களில் அந்தப் பதில் பொருந்தாது. பாஸ் ஒலியைப் பொறுத்தவரை கதவுதான் ஸ்பீக்கரின் பெட்டி. பெட்டி ஓட்டையாக இருக்கும்வரை அதில் எதை மாட்டினாலும் பணத்திற்கேற்ற பலன் வராது. அது ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்த்தால், எதற்கு முதலில் செலவு செய்ய வேண்டும், எதற்குச் செலவே தேவையில்லை என்பது விளங்கும்.

ஸ்பீக்கரின் முன்பக்கமும் பின்பக்கமும்

ஸ்பீக்கரின் கூம்பு முன்னே நகரும்போது அதன் முன்னுள்ள காற்று அழுத்தப்படுகிறது; அதே கணத்தில் கூம்பின் பின்னுள்ள காற்று விரிந்து தளர்கிறது. ஆகவே ஒரு ஸ்பீக்கரிலிருந்து எப்போதும் இரண்டு ஒலிகள் பிறக்கின்றன. இரண்டும் அளவில் சமம், திசையில் நேரெதிர். இரண்டும் ஓரிடத்தில் கலந்தால், மேட்டைக் கொண்டு பள்ளத்தை நிரப்பியதுபோல ஒன்றையொன்று அழித்துவிடும்.

எல்லா ஒலிகளும் ஒரே அளவில் இப்படி அழிவதில்லை. நம் நாட்டின் 30 பாகை வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்கிறது. 1,000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 1,000 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் 35 செ.மீ.; 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அது 3.5 மீட்டர், 60 ஹெர்ட்ஸுக்கு 5.8 மீட்டர். குறுகிய அலைநீளம் கொண்ட மேலொலிகள் ஸ்பீக்கரின் முகம் பார்த்த திசையிலேயே பெரும்பாலும் செல்வதால், பின்னொலியுடன் கலந்து அழியும் வாய்ப்பு அவற்றுக்குக் குறைவு. அலைநீளம் சில மீட்டர் இருக்கும் பாஸ் ஒலிக்கோ, 16 செ.மீ. அகலமுள்ள ஸ்பீக்கரைச் சுற்றி வருவது ஒரு தடையே அல்ல. பின்பக்கத்து ஒலி எந்த இடுக்கு வழியாக வெளியேறினாலும் முன்பக்கத்து ஒலியைச் சந்தித்து அழித்துவிடும். பெட்டியில்லாத ஸ்பீக்கரைக் கையில் பிடித்துக்கொண்டு பாட்டை ஓடவிட்டால் பாஸே இல்லாமல் சன்னமாகக் கேட்பது இதனால்தான். அதே ஸ்பீக்கரை ஓட்டை போட்ட ஓர் அட்டைப் பலகையின் மேல் வைத்து அழுத்தினால் உடனே அடியொலி எழும். ஸ்பீக்கரும் அதேதான், கொடுத்த மின்சாரமும் அதேதான். இரண்டு ஒலிகளுக்கும் நடுவே ஒரு சுவர் வந்தது மட்டுமே மாற்றம்.

அடியொலி எந்த அளவுக்குத் திறப்பையும் அடைப்பையும் சார்ந்தது என்பது கச்சேரி கேட்டவர்களுக்குப் புதிதல்ல. கட வித்வான் கடத்தின் வாயை வயிற்றோடு அழுத்தியும் விலக்கியும் வாசிக்கும்போது, ஒரே தட்டுக்கு அடிநாதம் மாறி மாறி வருவதைக் கேட்டிருப்போம்.

கதவு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது

டோர் டிரிம் எனப்படும் உள் மூடியைக் கழற்றினால், பெரும்பாலான சிறிய கார்களில் ஒரே மாதிரியான அமைப்புதான் தென்படும். வெளியே ஒரு மெல்லிய இரும்புத் தகடு. உள்ளே மற்றொரு தகடு. அதில்தான் ஸ்பீக்கர் திருகப்பட்டிருக்கிறது. கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டாரையும் பூட்டையும் உள்ளே பொருத்துவதற்காக, உள்தகட்டில் கை நுழையும் அளவுக்குப் பெரிய துளைகள் விடப்பட்டிருக்கும். அந்தத் துளைகளின்மேல் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டப்பட்டிருக்கும். மழைநீர் காருக்குள் வராமல் தடுப்பதே அந்தத் தாளின் வேலை. ஒலியை அதனால் தடுக்க முடியாது. பாஸ் ஒலி எழும்போது அது படபடவென்று அடித்துக்கொள்வதும் உண்டு.

ஸ்பீக்கரின் பின்னொலி இந்தத் துளைகள் வழியாக டிரிமுக்குள் வந்து, கைப்பிடி இடுக்கிலும் விளிம்புகளிலும் கசிந்து, காருக்குள் முன்னொலியுடன் கலக்கிறது. மாட்டிய ஸ்பீக்கர் எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் அந்தக் கலப்பு நிற்பதில்லை.

அப்படியானால் பழைய ஸ்பீக்கரில் மட்டும் பாஸ் எப்படிக் கேட்டது? தொழிற்சாலை ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் எடை குறைந்த காகிதக் கூம்பும் தளர்ந்த பிடிமானமும் கொண்டவை. குறைந்த மின்திறனிலேயே நன்கு அசைந்து, 80 முதல் 120 ஹெர்ட்ஸ் பகுதியில் சற்று மிகையாகவே ஒலித்து, கதவில் கசியும் பாஸை அவை ஓரளவு ஈடுகட்டுகின்றன. சில கார்களில் பிளேயரின் ஒலியமைப்பும் அதே ஸ்பீக்கருக்கு ஏற்றவாறு முன்கூட்டியே திருத்தப்பட்டிருக்கும். கடையில் வாங்கும் ஸ்பீக்கரில் கூம்பு கனமானது, பிடிமானம் விறைப்பானது. அடைப்பான கதவும் கூடுதல் மின்திறனும் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் வடிவமைக்கப்பட்ட பொருள் அது. இரண்டுமே கிடைக்காத இடத்தில் அதை மாட்டினால் பாஸ் குறைவதில் வியப்பில்லை.

'உடைவது' என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு கோளாறுகள்

1. கூம்பு எல்லையைத் தாண்டுவது. கூம்போடு ஒட்டியிருக்கும் கம்பிச் சுருள் காந்தத்தின் இடுக்கில் முன்னும் பின்னும் அசைகிறது. சாதாரணக் கதவு ஸ்பீக்கரில் அது ஒரு பக்கத்துக்குச் சில மில்லிமீட்டர் வரைதான் சீராக நகரும். அதற்குமேல் தள்ளப்பட்டால் சுருள் காந்தப் புலத்தைவிட்டு வெளியேறுகிறது, விளிம்பு வளையமும் இழுபட்டு விறைக்கிறது. கொடுத்த அலையின் வடிவில் அசைய முடியாத கூம்பு, பாட்டில் இல்லாத ஒலிகளைத் தானே உண்டாக்குகிறது. 60 ஹெர்ட்ஸ் மட்டும் கொடுத்தாலும் 120, 180, 300 ஹெர்ட்ஸ் என்று அதன் மடங்குகளும் சேர்ந்து வரும். இதுதான் ஒலிச்சிதைவு. அதே கூம்புதான் குரலையும் பாட வேண்டியிருப்பதால், பாஸ் அதை எல்லைக்குத் தள்ளும் ஒவ்வொரு முறையும் பாடகரின் குரலும் உடன் நடுங்குகிறது.

2. ஆம்ப்ளிஃபையர் வெட்டுப்படுவது. பிளேயருக்குள் இருந்து ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் தன்னால் இயன்ற மின்னழுத்தத்தைத் தாண்டி உயர முடியாமல், அலையின் உச்சியைத் தட்டையாக வெட்டிவிடுகிறது. இதைக் கிளிப்பிங் என்பார்கள். ஸ்பீக்கர் முற்றிலும் நல்ல நிலையில் இருந்தாலும் இந்தச் சிதைவு வரும்.

3. கதவின் பாகங்கள் அதிர்வது. தகடு, டிரிம் கிளிப், மின்கம்பி, பூட்டுக் கம்பி என எது வேண்டுமானாலும் தனக்குரிய அதிர்வெண்ணில் பாஸ் வந்ததும் கூடவே அதிரத் தொடங்கும். இது ஒத்ததிர்வு. ஸ்பீக்கரின் குறை என்று கருதிக் கொண்டுவரப்படும் புகார்களில் இதற்குப் பெரிய பங்குண்டு.

4. முன்னொலியும் பின்னொலியும் அழிவது. இது நேரடியாகச் சிதைவை உண்டாக்குவதில்லை. ஆனால் பாஸ் குறைவாகக் கேட்பதால் ஓட்டுநர் ஒலியைக் கூட்டுகிறார். கூட்டியதும் முதல் மூன்று கோளாறுகளும் வரிசையாக வந்து சேர்கின்றன. நான்கிலும் வேர் இதுதான் என்பது என் கருத்து.

வேகமான சாலைப் பயணமும் இதைத் தூண்டிவிடுகிறது. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் பட்டர்வொர்த் நோக்கிச் செல்லும் காரில், டயரும் சாலையும் எழுப்பும் இரைச்சலின் பெரும்பகுதி தாழ்ந்த அதிர்வெண்களில்தான் இருக்கிறது. அந்த இரைச்சல் பாட்டின் பாஸைத்தான் முதலில் மூடி மறைக்கிறது, குரல் தப்பித்துக்கொள்கிறது. வீட்டு வாசலில் நிறைவாகக் கேட்ட அதே அமைப்பு, தாப்பாவைத் தாண்டுவதற்குள் போதாததாகத் தோன்றுகிறது. கை தானாகவே பாஸ் பொத்தானை நோக்கிப் போகிறது.

நான்கு மடங்கு என்னும் கணக்கு

சிறிய ஸ்பீக்கர் ஏன் இவ்வளவு விரைவில் எல்லையைத் தொடுகிறது என்பதற்கு ஓர் எளிய விதி இருக்கிறது. ஒரே அளவு உரத்த ஒலியை எழுப்ப, அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். 160 ஹெர்ட்ஸில் அரை மில்லிமீட்டர் அசைந்தால் போதுமான ஒலிக்கு, 80 ஹெர்ட்ஸில் 2 மி.மீ., 40 ஹெர்ட்ஸில் 8 மி.மீ. தேவை. ஆறரை அங்குலக் கதவு ஸ்பீக்கர் ஒன்றின் சீரான அசைவு 4 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 80 ஹெர்ட்ஸை எளிதாகத் தரும் அந்த ஸ்பீக்கர் 40 ஹெர்ட்ஸில் முற்றாகத் தோற்றுப்போகும். தரக்குறைவு என்று அதைச் சொல்லக்கூடாது. அந்த அளவுக்கு அமைந்த இயற்கையான வரம்பு அது.

கார் ஒரு மூடிய சிறிய அறை என்பதால், ஏறத்தாழ 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதன் உட்புறமே அழுத்தத்தைத் தேக்கிப் பாஸை ஓரளவு உயர்த்தித் தருகிறது. இந்த உதவி இருந்தும் கதவு ஸ்பீக்கரால் ஆழமான பாஸை உரக்கத் தர முடிவதில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டால் அந்த உதவியும் பெருமளவு போய்விடும்.

பெட்டியில் எழுதியிருக்கும் 50 வாட்

ஆண்ட்ராய்டு பிளேயராகட்டும் வேறு பிளேயராகட்டும், அட்டைப்பெட்டியில் '50 வாட் × 4' என்று அச்சிடப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதைக் கணக்கிட்டே காட்டிவிட முடியும். இயந்திரம் ஓடும்போது காரின் மின்னழுத்தம் 14.4 வோல்ட், ஸ்பீக்கரின் மின்மறுப்பு 4 ஓம். 14.4-ஐ அதனாலேயே பெருக்கி 4-ஆல் வகுத்தால் 51.8 கிடைக்கும். அலை முழுவதும் உச்சியிலும் அடியிலும் வெட்டுப்பட்டுச் சதுரமாகிவிட்ட நிலையில், அதாவது ஒலி முற்றிலும் சிதைந்த நிலையில் கிடைக்கும் திறன் அது.

அலையின் வடிவம் கெடாமல் கிடைக்கக்கூடிய திறன் கோட்பாட்டின்படியே இதில் பாதி, ஏறத்தாழ 26 வாட். உள் இழப்புகளையும் கழித்தால் 20 வாட் அளவில் நிற்கும். சி.டி.ஏ-2006 என்னும் தரக்குறிப்பு, 14.4 வோல்ட், 4 ஓம், 1 விழுக்காட்டுக்கு மேற்படாத சிதைவு என்ற நிபந்தனையில் திறனை அளக்கச் சொல்கிறது. வாங்குபவர் பார்க்க வேண்டியது அந்த முறையில் அளந்த எண்ணையோ, குறைந்தபட்சம் தொடர்ந்து தரக்கூடிய திறனைக் காட்டும் 'ஆர்.எம்.எஸ்.' என்று குறித்த எண்ணையோதான்.

இந்த 20 வாட்டை வைத்துக்கொண்டு, பாஸையும் மற்ற ஒலிகளையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைப் பார்ப்போம். ஒலியளவின் அலகான டெசிபலில் 3 உயர்த்த இரு மடங்கு திறன் தேவை. 6 டெசிபலுக்கு நான்கு மடங்கு. 12 டெசிபலுக்கு ஏறத்தாழ 16 மடங்கு. ஒரு பாட்டின் தவிலடிக்கு 2 வாட் போதுமானதாக இருந்தால், பாஸ் பொத்தானை 12 டெசிபல் உயர்த்தியதும் அதே அடிக்கு 32 வாட் தேவைப்படும். ஆம்ப்ளிஃபையரிடம் இருப்பதோ 20. மிச்சம் வெட்டுப்படுகிறது. ஒலியளவு பாதியில்தானே இருக்கிறது, எப்படி உடையும் என்று கேட்பவர்களுக்கான விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

கோளாறு எது என்று கண்டறிவது

எதையும் வாங்கும் முன் கீழ்க்காணும் சோதனைகளைச் செய்து பார்ப்பது நல்லது. கைத்தொலைபேசியும் ஒரு சிறிய பேட்டரியும் தவிர வேறெதுவும் தேவைப்படாது.

1. ஈக்வலைசர், பாஸ் பூஸ்ட், லவுட்னஸ் மூன்றையும் நீக்கிவிட்டு அதே பாட்டைக் கேட்கவும். உடைவது நின்றுவிட்டால் கோளாறு பெரும்பாலும் கூம்பின் அசைவிலோ ஆம்ப்ளிஃபையரின் வரம்பிலோ இருக்கிறது.

2. ஒலியை மிகவும் குறைத்து வைத்துக் கேட்கவும். அப்போதும் கரகரப்பு இருந்தால் சுருள் காந்தத்தில் உரசுகிறது என்று பொருள். அந்த ஸ்பீக்கரை மாற்றத்தான் வேண்டும்.

3. பேலன்ஸ், ஃபேடர் அமைப்புகளால் ஒலியை ஒவ்வொரு கதவாக நகர்த்திப் பார்க்கவும். ஒரு பக்கத்தில் மட்டும் கோளாறு இருந்தால் அது பொருத்திய விதத்தில் வந்ததாக இருக்கலாம்.

4. 30 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக உயரும் தனியொலியைக் கைத்தொலைபேசி செயலி ஒன்றின் மூலம், அளவான ஒலியில் ஓடவிடவும். குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில் மட்டும் கடகடப்பு எழுந்தால் அது ஒத்ததிர்வு. டிரிம், கைப்பிடி, கதவுப் பை, கண்ணாடி விளிம்பு என ஒவ்வொரு இடமாக உள்ளங்கையால் அழுத்தினால், அதிரும் இடத்தில் கை பட்டதும் ஒலி நிற்கும்.

5. கம்பிகள் மாறியிருக்கின்றனவா என்று பார்க்கவும். இடது ஸ்பீக்கரும் வலது ஸ்பீக்கரும் எதிரெதிர்த் திசையில் அசைந்தால் பாஸ் நடுவில் அழிந்துவிடும். பிளேயரிலிருந்து ஸ்பீக்கரின் கம்பியைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் மட்டும் முனைகளில் தொடவேண்டும். பேட்டரியின் நேர்முனை ஸ்பீக்கரின் நேர்முனையில் படும்போது கூம்பு வெளியே வர வேண்டும். பழுதுபார்ப்பில் இதைவிட மலிவான வேலை கிடையாது. பாஸே இல்லை என்று வந்த கார் இதனாலேயே சரியாகிவிடுவதும் உண்டு.

6. கண்ணாடியை முழுவதும் இறக்கியபோது மட்டும் உரசல் கேட்டால், புதிய ஸ்பீக்கரின் காந்தம் ஆழமாக இருந்து கண்ணாடியைத் தொடுகிறது. உயர வளையம் வைத்துப் பொருத்த வேண்டும்.

கதவைப் பெட்டியாக்குவது

சோதனைகளுக்குப் பிறகு பெரும்பாலும் எஞ்சி நிற்பது கதவுதான். அதில் செய்ய வேண்டியவை மூன்று: ஸ்பீக்கரை இறுக்கமாகப் பொருத்துவது, துளைகளை அடைப்பது, தகட்டின் அதிர்வைத் தணிப்பது. பலர் மூன்றாவதை முதலில் செய்து, முதல் இரண்டையும் விட்டுவிடுகிறார்கள்.

ஸ்பீக்கருக்கும் உள்தகட்டுக்கும் நடுவே வரும் வளையம் வளையாததாகவும் தண்ணீரில் ஊறாததாகவும் இருக்க வேண்டும். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை வீட்டு ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு மிக நல்ல பொருள். கதவுக்குள் அது நீரை உறிஞ்சி உப்பி உதிர்ந்துவிடும். கெட்டிப் பிளாஸ்டிக், அக்ரிலிக், அலுமினியம் ஆகியவை பொருத்தமானவை. வளையத்தின் இரு பக்கமும் நுரைப்பட்டை வைத்து இடுக்கு இல்லாமல் அடைக்க வேண்டும். ஸ்பீக்கரின் முகத்துக்கும் டிரிமின் வலைக்கும் இடையிலும் ஒரு நுரை வளையம் தேவை. இல்லாவிட்டால் முன்னொலியில் ஒரு பகுதி டிரிமின் பின்னால் நுழைந்து டிரிமையே அதிர வைக்கும். இந்த ஒரு வளையத்துக்கு ஆகும் செலவு மிகக் குறைவு, பலனோ காதால் உடனே உணரக்கூடியது.

அடுத்தது உள்தகட்டின் பெரிய துளைகள். பிளாஸ்டிக் தாளின் மேலேயே அதிர்வு தணிக்கும் ஒட்டுத் தகடுகளை ஒட்டிவிடுவது போதாது. பாஸின் அழுத்தத்தில் அது தோல் போர்த்திய முரசுபோல அசையும். ஒரு மில்லிமீட்டர் அளவு தடிமனுள்ள அலுமினியத் தகட்டைத் துளையின் அளவுக்கு வெட்டி, விளிம்பில் பியூட்டைல் ரப்பர் பட்டை வைத்துத் திருகினால் உறுதியாக நிற்கும். திருகுவதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: கண்ணாடி மோட்டார் என்றாவது ஒருநாள் பழுதாகும், அன்று பட்டறைக்காரர் அந்தத் துளை வழியாகத்தான் கையை விட வேண்டும். மூடும் முன் கண்ணாடியையும் பூட்டையும் பலமுறை இயக்கி, கம்பிகள் எதிலும் தட்டாமல் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும்.

மூன்றாவது, தகட்டின் அதிர்வு. மிருதங்கத்தின் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புவார்கள். எடை கூடுவதால் அந்தத் தோலின் சுருதி தாழ்கிறது. கதவுத் தகட்டில் ஒட்டும் அதிர்வுத் தணிப்புத் தகடு அதைப் போல எடையைக் கூட்டுவதோடு நிற்பதில்லை. ஒட்டும் தன்மையுள்ள பியூட்டைல் ரப்பரின்மேல் மெல்லிய அலுமினியம் பதிக்கப்பட்டிருக்கும். இரும்புத் தகடு வளையும்போது, வளையாத அலுமினியத்துக்கும் அதற்கும் நடுவே ரப்பர் இழுபட்டு, அதிர்வின் ஆற்றலை வெப்பமாக மாற்றிவிடுகிறது. எடையைவிட இந்த இழுபறிதான் வேலையைச் செய்கிறது என்பதால், வெளித்தகடு முழுவதையும் மூடத் தேவையில்லை. ஸ்பீக்கருக்கு நேர் பின்னாலும், தகடு மிகவும் தளர்ந்திருக்கும் நடுப்பகுதியிலும் சேர்த்து மூன்றில் ஒரு பங்கை மூடினாலே பெரும்பலன் கிடைக்கும். விரல் கணுவால் தட்டும்போது 'டங்' என்று ஒலித்த தகடு 'தொப்' என்று அடங்கினால் போதும். இரண்டு மில்லிமீட்டர் தகடு சதுர மீட்டருக்கு 3 கிலோ அளவில் எடை கூட்டும்; நான்கு கதவுகளையும் நான்கு அடுக்காக நிரப்புவதால் கீல்களுக்குச் சுமைதான் மிஞ்சும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கூரை ஒழுக்குக்காக வன்பொருள் கடைகளில் விற்கும் தார்ப்பட்டை, தோற்றத்தில் இதைப் போலவே இருக்கும். விலையும் மிகக் குறைவு. ஆனால் நண்பகல் வெயிலில் திறந்தவெளியில் நிற்கும் காரின் கதவு, கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகும். அந்தச் சூட்டில் தார் இளகி வழியும், காருக்குள் நாற்றம் ஏறும். ஒருமுறை வழிந்துவிட்டால் கதவுக்குள்ளிருந்து அதைச் சுரண்டி எடுப்பது மிகவும் கடினமான வேலை. வாங்கும்போது பொருள் பியூட்டைலா தாரா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது முக்கியம்.

டிரிமின் உட்புறத்தில் நுரை ஒட்டுவதானால் மூடிய நுண்ணறைகளைக் கொண்ட நுரையையே தேர்ந்தெடுக்க வேண்டும். மெத்தையில் இருப்பதைப் போன்ற திறந்த நுரை நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பூஞ்சைக்கும் துருவுக்கும் இடங்கொடுக்கும்.

மழையும் பாதுகாப்பும்

கதவின் உட்புறம் நனையவே கூடாது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது நனையும்படிதான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. கண்ணாடியோரத்து ரப்பரைத் தாண்டி வரும் மழைநீர் கதவுக்குள் இறங்கி, அடிவிளிம்பில் உள்ள வடிகால் துளைகள் வழியாக வெளியேறும். பிற்பகல் இடிமழை பெய்யும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை மிகும் பினாங்கிலும் அந்தத் துளைகள் சும்மா இருப்பதில்லை. அடைக்கும் ஆர்வத்தில் அவற்றையும் மூடிவிட்டால் கதவு தொட்டியாகி, அடித்தகடு துருப்பிடிக்கும். தகடுகளின் விளிம்புகளை நன்கு அழுத்தி உருட்டி ஒட்டுவதும் இதற்காகவே. இடுக்கில் நீர் தங்கினால் துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

சில கார்களில் பக்கவாட்டு மோதலை உணரும் கருவி கதவுக்குள் இருக்கும். அவற்றில் ஒருவகை, மோதலின்போது கதவுக்குள் திடீரென உயரும் காற்றழுத்தத்தை அளந்து காற்றுப்பையை விரியச் செய்கிறது. அதன் மேல் எதையும் ஒட்டக்கூடாது. உள்தகட்டில் புதிதாகப் பெரிய துளை வெட்டவும் கூடாது. கதவில் உள்ள மின் இணைப்புகளைக் கழற்றும் முன் கார் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி வைப்பது பாதுகாப்பானது.

ஹை-பாஸ் ஃபில்டர்: செலவில்லாத மருந்து

கதவு சரியான பிறகும் நான்கு மடங்கு விதி அப்படியேதான் இருக்கிறது. அதற்கான மருந்து, ஸ்பீக்கரால் முடியாத ஒலியை அதனிடம் கொடுக்காமல் இருப்பதே. குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ளதைப் படிப்படியாகத் தடுக்கும் ஏற்பாட்டுக்கு ஹை-பாஸ் ஃபில்டர் என்று பெயர். இன்றைய பிளேயர்கள் பலவற்றில் ஒலியமைப்புப் பக்கத்தில் எச்.பி.எஃப். என்ற எழுத்துகளில் அது இருக்கும்.

80 ஹெர்ட்ஸில் எண்மத்துக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும், 12 டெசிபல் சரிவாக அதை வைத்தால், 40 ஹெர்ட்ஸில் மின்னழுத்தம் நான்கில் ஒன்றாகக் குறையும். அதிர்வெண் பாதியானால் அசைவு நான்கு மடங்கு என்று முன்னே பார்த்தோம். நான்கு மடங்கும் நான்கில் ஒன்றும் ஈடாகிவிடுவதால், கூம்பின் அசைவு 80 ஹெர்ட்ஸில் இருந்த அளவைத் தாண்டுவதில்லை. 24 டெசிபல் சரிவு இன்னும் பாதுகாப்பானது. சப்வூஃபர் எனப்படும், அடியொலிக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கர் இல்லாத காரில் 60 ஹெர்ட்ஸில் தொடங்கி, உடையாத இடம் வரும்வரை சிறிது சிறிதாக உயர்த்தலாம். பாஸைக் குறைத்தால் பாஸ் நன்றாகக் கேட்கும் என்பது முதலில் நம்பக் கடினமானது. ஆனால் நாம் பாஸ் என்று உணரும் தட்டும் குத்தும் பெரும்பாலும் 80 முதல் 150 ஹெர்ட்ஸ் வரையில்தான் இருக்கின்றன. வீணான அசைவு நீங்கியதும் அந்தப் பகுதி தெளிந்து, குரலின் நடுக்கமும் மறைகிறது.

பிளேயரில் அந்த வசதி இல்லாவிட்டால், 470 மைக்ரோஃபாரட் முனைவற்ற மின்தேக்கி ஒன்றை ஸ்பீக்கரின் நேர்முனைக் கம்பியில் தொடராக இணைக்கலாம். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது கணக்கின்படி 85 ஹெர்ட்ஸ் அளவில் வேலை செய்யும். சரிவு 6 டெசிபல் மட்டுமே, ஸ்பீக்கரின் மின்மறுப்பும் அதிர்வெண்ணுக்கேற்ப மாறும்; ஆகவே இது துல்லியமான தீர்வல்ல, முதலுதவி.

சப்வூஃபரும் தனி ஆம்ப்ளிஃபையரும் எப்போது?

கதவை அடைத்து, ஃபில்டரும் வைத்த பிறகு இன்னும் ஆழமான பாஸ் வேண்டுமென்றால் அதற்குத் தனி ஸ்பீக்கர்தான் வழி. ஆறரை அங்குலக் கூம்பின் பரப்பு ஏறத்தாழ 130 சதுர செ.மீ.; 4 மி.மீ. அசைவில் அது தள்ளும் காற்று 52 கன செ.மீ. பத்து அங்குலச் சப்வூஃபரின் பரப்பு 330 சதுர செ.மீ. அளவில் இருக்கும், 12 மி.மீ. அசைந்தால் 396 கன செ.மீ. காற்றைத் தள்ளும். ஏழரை மடங்கு வேறுபாட்டைக் கதவு ஸ்பீக்கரின் எந்த விலையும் ஈடுகட்டாது. மைவி, ஆக்சியா போன்ற சிறிய கார்களில் பின்பெட்டியை இழக்க விரும்பாதவர்களுக்கு, இருக்கைக்கு அடியில் வைக்கும் தட்டையான சப்வூஃபர் ஒரு நடுவழி. அதன் ஆழம் குறைவுதான். ஆயினும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ள சுமையைக் கதவிலிருந்து இறக்கிவிடுவதால், கதவு ஸ்பீக்கர்களின் தெளிவும் சேர்ந்து உயர்கிறது.

தனி ஆம்ப்ளிஃபையர் வைப்போர் 'கெயின்' திருகை ஒலியளவுப் பொத்தான் என்று கருதக்கூடாது. பிளேயர் தரும் மின்னழுத்தத்துக்கு ஆம்ப்ளிஃபையரைப் பொருத்துவதற்கான திருகு அது. ஈக்வலைசரைச் சமநிலையில் விட்டு, பிளேயரை முக்கால் அளவுக்கு உயர்த்தி, பிறகு கெயினை மெல்ல ஏற்றி, உடைவு தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்த வேண்டும். மின்கம்பியில் ஃபியூஸ் கட்டாயம். அதுவும் கார் பேட்டரிக்கு மிக அருகில்.

வேலை முடிந்ததும் டிரிமை மூடி, தனியொலிச் சோதனையை இன்னொரு முறை செய்து, முன்பு அதிர்ந்த இடங்கள் அடங்கிவிட்டனவா என்று பார்க்க வேண்டும். அதன்பின் வரும் முதல் கனமழைக்குப் பிறகு, காரைச் சமதளத்தில் நிறுத்திக் கதவைத் திறந்து, அடிவிளிம்பைக் கவனிக்கவும். துளைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தால் கதவு நலமாக இருக்கிறது. சொட்டாமல், கதவை அசைக்கும்போது உள்ளே நீர் தளும்பும் ஒலி கேட்டால், அன்றே டிரிமைக் கழற்றி வடிகாலைத் திறந்துவிட வேண்டும்.